வரிசையின் கடைசி ஆள்

ஃபின்டன் மல்குவீன் அந்தப் பந்தை எறிந்த இடத்தில் யாரும் இல்லை. இருபதாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள்.

டிசம்பர், சனிக்கிழமை. மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. எழுபத்து மூன்றாவது நிமிடம், லிமெரிக் ரக்பி அணி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து எதிரணியின் கோட்டுக்கு ஐந்து மீட்டர் முன்னால் பக்கவாட்டில் வெளியே போயிருந்தது. அப்படிப் போனால் இரண்டு அணியின் தடியர்களும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு வரிசையாக நிற்பார்கள். இரண்டாம் எண் சட்டை போட்டவன் பக்கக் கோட்டுக்கு வெளியே நின்று நடுவில் பந்தை எறிவான். அவனுடைய ஆளை இரண்டு பேர் தொடையைப் பிடித்து உயரே தூக்க, அவன் அதைப் பிடிக்க வேண்டும். யாருக்கு எறிவது என்பதைச் சொல்ல ஒரு ரகசிய வார்த்தை உண்டு. வாரா வாரம் அது மாறும். அன்றைய வார்த்தை வரிசையின் முதல் ஆளுக்கு உரியது.

பதினோரு வருடமாக இரண்டாம் எண் சட்டை ஃபின்டனுடையது. அவன் பந்தைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் எறிந்தான். அது முதல் ஆளைத் தாண்டியது. நடு ஆளைத் தாண்டியது. வரிசையின் கடைசிக்கு மேலே, நான்கு மீட்டர் உயரத்தில், வெறும் காற்றை ஒரு முறை தொட்டுவிட்டுப் புல்லில் விழுந்தது. எதிரணியும் முதல் ஆளைப் பிடிக்கத்தான் எழும்பியிருந்தது. விழுந்த பந்து எகிறி, பின்னாலிருந்து ஓடி வந்த லிமெரிக் ஆட்டக்காரன் ஒருவனின் நெஞ்சில் தானாகப் போய் ஏறியது. அவன் கோட்டைத் தாண்டி விழுந்தான். ஐந்து புள்ளி. ஆட்டம் அவர்களுடையது.

ஊர் ஒரு நிமிடம் திகைத்தது. பிறகு அதற்குப் புரிந்துவிட்டது. வரிசையின் கடைசி, லோர்கன் ஹார்ட்டிகனின் இடம்.

லோர்கன் ஆறடி ஏழங்குலம். பத்து வருடம் ஃபின்டன் எறிந்ததை அவன் பிடித்தான். போன வருடம் நவம்பரில் கில்க்கி கடற்கரையிலிருந்து திரும்பும்போது உறைபனியில் கார் வழுக்கி, ஒரு கல் சுவரில் மோதி, அங்கேயே இறந்துபோனான். சவப்பெட்டியை நீளமாகச் செய்ய வேண்டியிருந்தது. அணியின் முன்வரிசை ஆட்கள்தான் தூக்கினார்கள். பெட்டிக்கு அடியில் எதிர்ப்பக்கத்து ஆளின் தோளைக் கையால் கட்டிக்கொண்டு நடப்பது அந்த ஊர் வழக்கம். இரு அணியும் குனிந்து முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மிலும் தோளோடு தோள் அப்படித்தான் கட்டிக்கொள்வார்கள். ஸ்க்ரம்மில் ஃபின்டனின் இடம் எப்போதும் நடு. அவன் யோசிக்காமல் பெட்டிக்கு அடியில் நடுவில் போய் நின்றான். பயிற்சியாளர் மொஸ்ஸி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நடுவுல இடமில்லடா. இந்தத் தடவை உனக்கு ஓரம்தான்."

அந்த லோர்கனுக்கு, அவன் இறந்து ஒரு வருடம் முடிந்த மறு மாதத்தில், ஃபின்டன் ஒரு பந்து எறிந்தான். அந்தப் பந்து ஆட்டத்தையும் ஜெயித்தது. ஊருக்கு வேறென்ன வேண்டும்? திங்கட்கிழமைப் பத்திரிகையில் வெறும் காற்றில் பந்து நிற்கும் படம் அரைப் பக்கத்துக்கு வந்தது. கறிக்கடைக்காரர் பன்றி ரத்தத்தில் செய்த தொத்திறைச்சி ஒரு வளையம் சும்மா கொடுத்தார். டாக்சிக்காரர் ஒருவர் சிவப்பு விளக்கில் கண்ணாடியை இறக்கி, "பையா, அது போய்ச் சேர்ந்திருக்கும்டா, நீ கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார்.

நடந்தது வேறு. அது ஃபின்டனுக்கு மட்டும் தெரியும்.

அன்று ஐம்பதாவது நிமிடத்தில் யாருடைய முட்டியோ அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. அவன் உடனே எழுந்து, மண்டியிட்டு, காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டினான். அது பழைய வித்தை. நாடா கட்டுகிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. உலகம் நேராக வந்து நிற்கும் வரை கட்டிக்கொண்டே இருக்கலாம். அன்று இரண்டு காலுக்கும் கட்ட வேண்டியிருந்தது.

பிறகு எழுபத்து மூன்றாவது நிமிடத்தில் அவன் பந்தைத் தூக்கியபோது, வரிசையின் கடைசியில் லோர்கன் நின்றான். காதுமடல் கிழியாமல் இருக்கத் தலையைச் சுற்றி ஒட்டும் நீலப் பட்டை, இடது பக்கம் எப்போதும்போல் பாதி பிரிந்து தொங்கியது. அதை விரலால் தடவிக்கொண்டே சொன்னான்: "மேல போடு, பையா."

ஃபின்டன் மேலே போட்டான். நண்பனுக்கு மரியாதை செய்யும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. லோர்கன் செத்துவிட்டான் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவில்லை.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தபோதும் நினைவில்லை. பக்கத்தில் வந்து நின்ற மொஸ்ஸியிடம் சாதாரணமாகக் கேட்டான்: "லோர்கன் குளிச்சிட்டானா?"

மொஸ்ஸி நூற்றிருபது கிலோ. முன்னாள் ஆட்டக்காரர், இரண்டு காதும் பூக்கோசுபோல் இருக்கும். அவர் ஃபின்டனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதார். "குளிச்சிட்டான்டா. குளிச்சிட்டுப் போயிட்டான்."

அந்த ஈரச் சட்டைக்குள் முகம் புதைந்திருந்தபோதுதான் ஃபின்டனுக்கு எல்லாம் திரும்பி வந்தது. கல் சுவர், பெட்டி, ஓரத்தில் இடம். ஆனால் வாய் திறக்கவில்லை.

*

பரிசோதனை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆண்டுதோறும் ஜூலையில், பருவம் தொடங்கும் முன், ஒவ்வொருவனும் அணி மருத்துவர் டெர்வ்லா முன்னால் உட்கார வேண்டும். அவள் பத்து வார்த்தை சொல்வாள். திருப்பிச் சொல்ல வேண்டும். எண்களைத் தலைகீழாகச் சொல்ல வேண்டும். குதிகாலும் விரலும் ஒட்டக் கோட்டின்மேல் நடக்க வேண்டும். அந்த அளவு கோப்பில் இருக்கும். பருவத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனை. ஜூலை அளவைவிடக் குறைந்தால் ஆள் வெளியே.

ஃபின்டனுக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது, முதல் ஜூலையில், லோர்கன் அவனை வாசலில் நிறுத்தினான்.

"எத்தனை வார்த்தை சொல்லப்போற?"

"பத்தும்."

"கழுதை. அஞ்சு சொல்லு. கோட்டுல நடக்கிறப்ப ரெண்டு தடவை தடுமாறு. ஜூலையில முட்டாளா இருந்தாத்தான் ஜனவரியில புத்திசாலியா இருக்க முடியும்."

"டாக்டருக்குத் தெரியாதா?"

"நம்ம மூஞ்சியைப் பார்த்தா யாருக்குடா சந்தேகம் வரும்?"

வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். ஃபின்டன் பதினோரு ஜூலையும் ஐந்தே வார்த்தை சொன்னான். மீதி ஐந்தும் வாய்க்குள் வரிசையாக நிற்கும், விழுங்கிவிடுவான். ஐந்தை மறந்தவன்போல் நடிக்க, பத்தும் நினைவிருக்க வேண்டும். அது அவனுக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

பதினோரு வருடத்தில் நூற்று அறுபத்து மூன்று ஆட்டங்கள். அயர்லாந்து தேசிய அணிச் சட்டை மூன்று முறை. மூன்றும் சேர்த்து இருபத்தொரு நிமிடம். இரண்டு தோளிலும் கத்தி வைத்தாகிவிட்டது. தலையில் எத்தனை அடி என்று ஒரு கணக்கும் இல்லை. நாடா கட்டியதற்கு யார் கணக்கு வைப்பார்கள்?

ஜனவரியில் அடிபட்டதை நடுவர் பார்த்துவிட்டார். ஃபின்டனை உள்ளே அனுப்பினார். பன்னிரண்டு நிமிட அவகாசம். டெர்வ்லா வார்த்தைகளைப் படித்தாள். அவன் ஆறு சொன்னான். இந்த முறை விழுங்க எதுவும் மிச்சமில்லை. ஆறுதான் இருந்தது.

டெர்வ்லா கோப்பைப் பார்த்தாள். மெலிந்த உருவம், குட்டை முடி, எப்போதும் ஒரே பச்சை மழைச்சட்டை. "ஜூலையில அஞ்சு. இப்ப ஆறு. அடிபட அடிபட உனக்கு அறிவு வளருது, ஃபின்டன்."

"எங்க அம்மாவும் அதைத்தான் சொல்வாங்க டாக்டர். இன்னும் நாலு அடி போடணும்னு."

அவள் சிரிக்கவில்லை. "நீ கொடுத்த அளவோடதான் உன்னை நான் ஒப்பிட முடியும். வேற அளவு எங்கிட்ட இல்ல. உனக்குப் புரியுதா?"

"புரியுது."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துவிட்டாள். அவன் ஓடினான். வரிசையின் கடைசியில் லோர்கன் காத்திருந்தான்.

*

அந்த மைதானத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பந்தை நட்டு வைத்துக் கம்பத்துக்குள் உதைக்கப் போனால், கூட்டம் மூச்சுவிடாது. தன் ஆள், எதிரி ஆள் என்ற பேதமில்லை. பேசுகிறவனைப் பக்கத்தில் இருப்பவன் கையைப் பிடித்து நிறுத்துவான். கைக்குழந்தைகள்கூடப் பழகிவிடும் என்பார்கள். அந்த மௌனத்தில் கொடிக்கம்பத்துக் கயிறு இரும்பில் மோதும் சத்தம் மட்டும் கேட்கும். டக், டக்.

ஆனால் அது உதைக்கு மட்டும். பந்தை எறிகிறவனுக்கு யாரும் மௌனம் கொடுத்ததில்லை. டிசம்பருக்குப் பிறகு கொடுத்தார்கள். ஃபின்டன் எதிரணியின் கோட்டருகே பந்தைக் கையில் எடுத்தால் போதும், யாரும் சொல்லாமலே இருபதாயிரம் வாயும் மூடிக்கொள்ளும். ஊர் லோர்கனுக்கு இடம் விடுகிறதாம்.

ஃபின்டனுக்கு வேண்டியிருந்தது இரைச்சல். இரைச்சலில் லோர்கனின் குரல் கேட்காது. அன்றைய ரகசிய வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டு முதல் ஆளுக்கோ நடு ஆளுக்கோ எறிந்துவிடலாம். மௌனத்தில் அப்படி முடியாது. டக், டக். அதற்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், "மேல, பையா."

பிப்ரவரியில் அடியே படாமல் லோர்கன் வரத் தொடங்கினான். பயிற்சியில் வந்தான். ஒரு முறை எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் அறையில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தான். ஃபின்டனுக்குப் பயமாக இருந்தது. அதோடு, யாரிடமும் சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. அவன் வராத நாளில் வீடு திரும்பும்போது நெஞ்சு காலியாக இருந்தது. டாக்டரிடம் சொன்னால் இரண்டாம் எண் சட்டை போய்விடும். அதைக்கூடத் தாங்கலாம் என்று சில நாள் தோன்றும். ஆனால் தலை சரியானால் லோர்கனும் போய்விடுவான். இந்த முறை அனுப்புகிறவன் ஃபின்டன்.

மேஜைமேல் இன்னும் இரண்டு வருடத்துக்கான ஒப்பந்தத் தாள் கையெழுத்தில்லாமல் கிடந்தது. ஏப்ரல் முடிவதற்குள் போட வேண்டும்.

*

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. எட்டு மணி பத்து நிமிடம். லோர்கன் வீட்டு வாசலில் ஃபின்டன் காரை நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடித்தான்.

காத்திருந்தான். வானொலியில் போக்குவரத்துச் செய்தி ஓடியது. இவன் என்றைக்குத்தான் நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறான் என்று எரிச்சல் வந்தது. மொஸ்ஸி திட்டுவார். இன்னும் இரண்டு முறை அடித்தான்.

கதவு திறந்தது. லோர்கனின் தாய் பிரீடா வந்தாள். அறுபத்து மூன்று வயது, மகனின் உயரத்தில் முக்கால் பங்கு, வீட்டுக்குள் போடும் செருப்பு, ஈரக் கை. வேகமாகப் படியிறங்கிக் கேட்டுவரை வந்தாள். அவள் கையில் சிவப்புப் பை இருந்தது. லோர்கனின் பயிற்சிப் பை. பத்து வருடமும் அவன் அதை மறந்துவிட்டு வெளியே ஓடுவான். அவள் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வருவாள்.

கேட்டில் அவள் நின்றாள். அவன் கண்ணாடியை இறக்கினான். இரண்டு பேரும் பையைப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டு நாய் ஒரு முறை குரைத்து நிறுத்தியது.

"டீ போட்டிருக்கேன்," என்றாள் பிரீடா. "உள்ள வா."

சமையலறையில் அவள் பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அது எப்போதும் அங்கேதான் தொங்கியிருக்க வேண்டும். சுவரில் பையின் வடிவத்தில் வண்ணம் வெளுக்காமல் இருந்தது. பழுப்பு ரொட்டியை வெட்டி வெண்ணெயைத் தடவி அவன் முன்னால் தள்ளினாள்.

ஃபின்டன்தான் தொடங்கினான். "பிரீடா, அந்த டிசம்பர் பந்து..."

"தபால்காரன் என்ன சொல்றான் தெரியுமா? 'உங்க ஃபின்டன் எறியிற கோணலுக்குச் செத்தவனாலதான் பிடிக்க முடியும்'ங்கிறான். நான் அவனைக் கடுதாசியோட திருப்பி அனுப்பிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஞாயித்துக்கிழமை பூசையில முன்பின் தெரியாதவங்க வந்து கையைப் பிடிச்சுக்கிறாங்க. ஏப்ரல் ஆட்டத்துக்குத் தொங்கவிட ஒரு துணி எழுதிட்டு இருக்காங்களாம். பந்து ஒண்ணு, அதுக்குக் கீழ கை ரெண்டு. ஆளில்லாம கையை மட்டும் போட்டா ஏதோ பிச்சை கேக்கிற மாதிரி இருக்கும்னு சொன்னேன். கேக்க மாட்டேங்கிறாங்க."

"நீங்க வருவீங்களா?"

"வராம? அவன் போனப்புறம் எல்லாரும் எனக்குப் பாத்திரம் பாத்திரமா சாப்பாடு கொண்டு வந்தாங்க. மூணு மாசத்துல பாத்திரமெல்லாம் திரும்பிப் போயிடுச்சு. நீ ஒருத்தன்தான் அவன் நின்ன இடத்துக்கு இன்னும் ஒண்ணைப் போடுறே." கோப்பையைக் கழுவப் போட்டாள். முதுகு அவன் பக்கம். "சரி, நீ ஏதோ சொல்ல வந்தே."

குழாயில் தண்ணீர் ஓடியது.

"ஒண்ணுமில்ல," என்றான் ஃபின்டன். "ரொட்டி நல்லாயிருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை டெர்வ்லாவின் பார்வையைப்போல் இருந்தது. "பயிற்சிக்கு நேரமாச்சே," என்றாள்.

*

ஏப்ரல் ஆட்டம் ஐரோப்பியக் காலிறுதி. பிரான்சிலிருந்து வந்த அணி. மதியம் மூன்று மணி, நல்ல வெயில். கிழக்குப் பக்கம் பிரீடா சொன்ன துணி தொங்கியது. அவள் சொன்னது சரி. பிச்சை கேட்பதுபோல்தான் இருந்தது.

உடை மாற்றும் அறையில் மொஸ்ஸி ஒவ்வொருவன் காதிலும் அன்றைய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். முதல் ஆளுக்கு ஓர் ஆற்றின் பெயர். நடு ஆளுக்கு ஒரு மீனின் பெயர். கடைசிக்கு இன்று எறி இல்லை. "நீ வேணும்னா ஒண்ணு போடலாம்டா," என்று ஃபின்டனைப் பார்த்துக் கண்ணடித்தார். "நாம இருபது புள்ளி முன்னால இருந்தா."

இருபது புள்ளி முன்னால் இல்லை. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் இரு அணியும் சமம். பந்து பிரெஞ்சுக்காரர்களின் கோட்டருகே வெளியே போனது. ஃபின்டன் துண்டால் பந்தைத் துடைத்தான்.

மௌனம் விழுந்தது. கூரையிலிருந்து ஏதோ கீழே இறங்கியதுபோல் அவ்வளவு சட்டென்று. எங்கோ ஒருவர் இருமலை அடக்கினார். டக், டக்.

அணித்தலைவன் வார்த்தையைச் சொன்னான். ஆற்றின் பெயரா, மீனின் பெயரா? காதில் விழுந்தது. ஆனால் விழுந்த இடம் தெரியவில்லை.

"மேல, பையா."

ஃபின்டன் பந்தைத் தூக்கிவிட்டு வரிசையைப் பார்த்தான். தன் அணியின் பக்கம் ஏழு பேர் நிற்க வேண்டும். எண்ணினான். எட்டு. முதலிலிருந்து திரும்ப எண்ணினான். ஒவ்வொரு முகமும் அவனுக்குத் தெரிந்த முகம். ஒவ்வொருவனின் காலணி நிறமும் தெரியும். எட்டு. எட்டாமவன் காதுப் பட்டையைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் பொறுமையிழந்து, குதிகாலில் எழும்பி எழும்பி இறங்கினான். வெயிலில் அவன் மூக்கின் நுனி சிவந்திருந்தது. எப்போதும் அவனுக்கு முதலில் அங்கேதான் சிவக்கும்.

எறிந்துவிடலாம். எங்கே எறிந்தாலும் இந்த ஊர் அழகான ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். நாளைக்குக் காலையில் கையெழுத்தும் போட்டுவிடலாம். பிறகு ஒரு வியாழக்கிழமை ஹாரன் அடிப்பான். அவள் பையோடு ஓடி வருவாள். அடுத்த வியாழக்கிழமையும்.

ஃபின்டன் கையை இறக்கினான்.

"ஐயா," என்று நடுவரைக் கூப்பிட்டான். அந்த மௌனத்தில் அவனுடைய சாதாரணக் குரலே பெரிதாகக் கேட்டது. "எங்க பக்கம் ஒரு ஆள் அதிகமா நிக்கிறான்."

நடுவர் விரலை நீட்டி எண்ணினார். "ஏழுதான்பா. சரியா இருக்கு. எறி."

"எனக்கு எட்டு தெரியுது ஐயா."

நடுவர் அவன் கண்ணருகே வந்து பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். டெர்வ்லா ஏற்கெனவே ஓடி வந்துகொண்டிருந்தாள். பச்சை மழைச்சட்டை, அந்த வெயிலிலும்.

ஃபின்டன் பந்தைக் கோட்டின்மேல் வைத்தான். வைத்துவிட்டு நிமிரும்போது ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கியது. பிறகு இருபதாயிரம் பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். எறியாமல் வைத்த பந்தும் லோர்கனுக்கான மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். சிலர் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். அந்த இரைச்சலுக்குள் நடந்துகொண்டே அவன் டெர்வ்லாவின் காதில் சொன்னான்:

"டாக்டர், ஜூலையில எனக்குப் பத்தும் ஞாபகம் இருந்துச்சு. ஒவ்வொரு ஜூலையும்."

அவள் அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும்," என்றாள். "தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

வாசலருகே அவன் மேலே பார்த்தான். மூன்றாவது வரிசையில் பிரீடா நின்றுகொண்டிருந்தாள். சுற்றியிருந்தவர்கள் தட்டினார்கள். அவள் தட்டவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று ஆட்களை விலக்கி இறங்க ஆரம்பித்திருந்தாள்.

*

வெள்ளைச் சுவர் அறை. டெர்வ்லா சீராகப் படித்தாள். "குடை. ஆணி. ரொட்டி. பாலம். ஊசி. கம்பளம். மணி. கழுதை. சீப்பு. வாளி."

"குடை," என்றான் ஃபின்டன். "பாலம். வாளி."

வெளியே கூட்டம் கத்தியது. அவனுடைய இடத்தில் வேறொருவன் எறிந்திருப்பான், யாரோ பிடித்திருப்பான்.

"வேற?"

"வேற இல்ல."

"அவசரமில்ல. யோசி."

"யோசிச்சா ஏதாவது சொல்லிடுவேன் டாக்டர். ஊகிக்க எனக்கு நல்லா வரும். மூணுன்னே எழுதுங்க."

அவள் எழுதினாள். அவளுடைய பேனா காகிதத்தில் அழுந்திய சத்தம் கேட்டது. திங்கட்கிழமை காலை டப்ளினில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றாள். கார் ஓட்டக் கூடாது. தனியாக இருக்கக் கூடாது. இனி ஆடுவதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கதவைத் தட்டிவிட்டுப் பிரீடா உள்ளே வந்தாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்.

ஆட்டம் முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஊர் முழுக்க மைதானத்தில் இருந்ததால் தெருவில் ஈ காக்கை இல்லை. பிரீடா மெதுவாக ஓட்டினாள். வானொலியைப் போடவில்லை. ஆற்றுப் பாலத்தின்மேல் வந்தபோது ஃபின்டன் சொன்னான்:

"நான் அவனுக்காகப் போடல பிரீடா. டிசம்பர்ல. நான் பெரிய மனசு பண்ணி ஒண்ணும் பண்ணல. அவன் செத்துப்போனது எனக்கு மறந்துபோச்சு. அவன் அங்க நின்னான். இன்னைக்கும் நின்னான்."

அவள் பாலத்தைக் கடந்தாள். வளைவில் திரும்பினாள்.

"எப்படி இருந்தான்?" என்று கேட்டாள்.

"நல்லா இருந்தான். மூக்கு சிவந்திருந்துச்சு."

"களிம்பு தடவ மாட்டான்." அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நீ ஹாரன் அடிச்ச அன்னைக்கு நான் அந்தப் பையை எடுத்துட்டுக் கேட்டு வரைக்கும் வந்துட்டேன். உன் மூஞ்சியைப் பார்த்தேன். உனக்கும் அதேதான் ஆகியிருக்குன்னு தெரிஞ்சுது. அப்பவே டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கணும். போடல. போட்டா நீ அப்புறம் ஹாரன் அடிக்க வர மாட்டேல்ல?"

வீட்டு வாசலில் நிறுத்தினாள். "உக்காந்திரு. கதவைத் திறந்துட்டு, தண்ணி கொதிக்க வச்சுட்டு வரேன். தலை சுத்துறவன் அந்தப் படியில தனியா ஏற வேண்டாம்."

அவள் உள்ளே போனாள். ஃபின்டன் காரில் காத்திருந்தான். அதே வாசல், அதே கேட்டு. எதிர்வீட்டு நாய் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூரத்தில் மைதானத்தின் பக்கம் சத்தம் எழுந்தது. பிறகு அடியோடு அடங்கியது. யாரோ உதைக்கப் போகிறான். அந்த மௌனம் ஆற்றைத் தாண்டி இந்தத் தெரு வரைக்கும் வந்தது. ஃபின்டன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

ஒன்றுமில்லை. பக்கத்து ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், எட்டும் தூரத்தில் ஹாரன் இருந்தது. அவன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. பிரீடா படியிறங்கி வந்தாள். அவள் கையில் எதுவும் இல்லை.